எண்பத்தேழாவது படம்

எண்பத்தேழாவது படத்தில் காறை எலும்பின் மேல் ஒரு தகடு இருந்தது. ஆறு திருகாணிகள். கணினித் திரையில் எலும்பு சாம்பல் நிறத்திலும் தகடு சுண்ணாம்பு வெள்ளையாகவும் தெரிந்தன. ஏஞ்சலின் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். எண்பத்தேழுக்கு நேரே அவளுடைய தம்பியின் பெயர் இருந்தது. ஜெஸ்டின், வயது முப்பத்தொன்று, தொழில் சங்கு குளித்தல், பதினான்கு வருடம்.

ஜெஸ்டினுக்கு எந்த எலும்பும் முறிந்ததில்லை.

தகடு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் வேம்பார் ரோட்டில் உப்பு லாரியை முந்தப்போய் பைக்கோடு விழுந்த பவுலை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ஜெஸ்டின் போகும் படகில் கம்ப்ரசர் பார்க்கிறவன் பவுல். கடலடியில் சங்கு தேடுகிறவர்களுக்கு டியூப் வழியாகக் காற்று அனுப்பும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்க மாட்டான்.

திரேஸ்புரம் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையில் ஜன்னல் கம்பிகள் உப்புக்காற்றில் உரிந்து கிடந்தன. பங்குனி வெயில் காலை பத்து மணிக்கே தரையில் பாதி தூரம் வந்துவிட்டது. கீழே யாரோ ஐஸ்கட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கரையில் சங்கு குளிக்கிறவர்களின் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வெளியிலிருந்து ஆட்கள் வந்து போனதுண்டு. ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. இந்த முறை அப்படியில்லை. நர்சிங் முடித்து, அதற்கு மேல் பொது சுகாதாரம் படித்த ஏஞ்சலின் எழுதிக் கொடுத்த கேள்வி, அவள் வகுத்த முறை, அவள் தலைமை. டெல்லியில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் ஆலோசனைதான் சொல்வார்கள், முடிவு அவளுடையது. அந்த ஏற்பாட்டை அவர்கள் சோதனை முயற்சி என்று தாளில் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் முதல் கணக்கைச் சொல்ல வேண்டும்.

ஆழத்தில் மணிக்கணக்காக இருந்துவிட்டு ஏறுகிறவனின் இடுப்பெலும்பு, தோள் எலும்பு உள்ளுக்குள்ளேயே சிறிது சிறிதாகச் சாகும். சிலருக்குக் காலே வராமல் போய்விடும். அவர்களைக் காப்பாற்ற அழுத்த அறை என்று ஒன்று உண்டு. இரும்பு உருளைக்குள் படுக்கவைத்து, கடலடியில் இருக்கிற அழுத்தத்தைக் கரையிலேயே கொடுத்து, நிதானமாகக் குறைப்பார்கள். இந்தக் கரைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி. நூற்றெண்பது பேரைப் படம் எடுத்ததில் நான்கு பேருக்குத்தான் எலும்பில் குறை தெரிந்தது. இரண்டு வாரமாக அந்த நான்கைப் பார்த்து அவள் சந்தோஷப்பட முயன்றுகொண்டிருந்தாள். நான்கு பேருக்காக யாரும் அழுத்த அறை கட்ட மாட்டார்கள்.

"இந்து, எக்ஸ்ரே வண்டி வந்த அன்னைக்கு ஆள் அடையாளம் எப்படிப் பாத்த?"

எதிர் மேசையில் இருந்த இந்துமதி தலைதூக்கினாள். உடன்குடிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. கரை ஆட்கள் யாரும் அவளுக்குச் சொந்தமில்லை.

"ஆதார் கார்டு வச்சுத்தான்க்கா."

"மொகத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். கார்டுல இருக்கிற மொகம் யாருக்குக்கா ஒத்து வருது? எங்கம்மா கார்டுல எங்க மாமா மாதிரி இருக்காவ." சிரித்தவள், ஏஞ்சலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஏன்க்கா, என்ன ஆச்சு?"

திரையை அவள் பக்கம் திருப்பினாள் ஏஞ்சலின். சொந்தக்காரர்களைச் சோதிக்கிற நாளில் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று விதி எழுதியவள் அவளேதான். இந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அவளுக்குச் சொந்தம். எக்ஸ்ரே வண்டி நின்ற மூன்று நாளும் அவள் வீட்டில் இருந்தாள்.

"எண்பத்தேழை மட்டும் எடுத்திட்டா சரியாப் போவுமேக்கா. ஒருத்தன்தான?"

"ஒருத்தன்தானான்னு எனக்கு எப்படிளா தெரியும்?"

பதிவேட்டில் எண்பத்தேழுக்கு முன்னும் பின்னும் இருந்த பெயர்களைப் பார்த்தாள். தகடு இருந்ததால் ஒருவன் அகப்பட்டான். தகடு இல்லாத எலும்பு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

*

ஜெஸ்டின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவன் மனைவி ஸ்டெபி அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாளை மீனின் செதிலைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். உள்ளே புளி கரைத்த சட்டி தயாராக இருந்தது.

"வாங்க மைனி. இன்னைக்கு என்ன, ஆபீசை விட்டு இந்நேரம் வந்திருக்கிய? உக்காருங்க. குழம்பு கூட்டிட்டா அஞ்சு நிமிசம்தான்."

"ஜெஸ்டின் எங்க?"

"இதென்ன கேள்வி. கடலுக்குப் போயிருக்காவ."

"எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு அவன் ஏன் வரல?"

ஸ்டெபியின் கை நிற்கவில்லை. உரசுவது மட்டும் மெதுவானது. "வந்தாவளே."

"வந்தது பவுல்."

"யாரு சொன்னா?"

"பவுல் எலும்பு சொல்லுது. தகடு இருக்குளா."

மீன் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. "அந்த எழவெடுத்த தகடை ஒருத்தரும் நெனைக்கவே இல்லையே," என்றாள் ஸ்டெபி. பரீட்சையில் காப்பியடித்து அகப்பட்ட பிள்ளையின் முகம் அது. வேறு நேரமாக இருந்தால் ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"எத்தன பேருளா இப்படி?"

"எனக்கு என்ன மைனி தெரியும்?"

"ஸ்டெபி."

ஸ்டெபி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "கால் இழுக்குதவன், தோளைத் தூக்க முடியாதவன் எல்லாரும்தான். தம்பி, மச்சான், வலை தைக்கிற ஆளுன்னு, நோவு இல்லாதவனாப் பாத்து அனுப்புனாவ. முப்பது பேரு இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"எதுக்கு? பேரு சர்க்கார் ஆபீசுக்குப் போயிரும், தொழிலை நிறுத்திருவாங்கன்னு பயமா? பேரு எங்கயும் போவாதுன்னு எத்தன தடவை சொன்னேன்."

"அதெல்லாம் யாருக்கு மைனி பயம்? ஒங்களுக்காவத்தான் செஞ்சாவ."

"எனக்காவயா?"

"நீங்கதான மீட்டிங்குல கண்ணு கலங்கிச் சொன்னிய. 'மொதத் தடவையா நம்ம ஊர்க்காரி கையில குடுத்திருக்காங்க, இது நல்லபடியா வரணும், நம்ம பேரைக் காப்பாத்திக் குடுங்க'ன்னு. அன்னைக்கே படகுக்காரங்க எல்லாம் கூடிப் பேசிட்டாவ. நோவாளியெல்லாம் வரிசையில போயி நின்னா பிள்ளைக்கு ரிசல்ட்டு மோசமா வரும், வெளிநாட்டுக்காரன் ஒங்க கையில இருந்து பிடுங்கி வேற ஆளுகிட்ட குடுத்திருவான்னு." அவள் குரல் தாழ்ந்தது. "பெயிலாயிரக் கூடாதுல்லா மைனி."

ஏஞ்சலின் கூட்டத்தில் அப்படித்தான் பேசினாள். கைதட்டினார்கள். வயதான ஒருவர் எழுந்து, நாங்க பாத்துக்கிடுதோம் தாயி, நீ கவலைப்படாத என்றார். ஆட்கள் ஒழுங்காக வந்து சேர்வார்கள் என்றுதான் அவள் அதைப் புரிந்துகொண்டாள்.

"ஜெஸ்டினுக்கு என்ன செய்யுது? மறைக்காமச் சொல்லு."

"போன வருசத்துல இருந்தே அப்பப்ப எடது கால் இழுக்கும். இப்ப மூணு நாளா மரத்துக் கெடக்கு. சுவரைப் பிடிச்சுத்தான் நடக்காவ." ஸ்டெபி தயங்கினாள். "நேத்து ராத்திரி ஒண்ணுக்குப் போகவும் முடியல. ரொம்ப நேரம் முக்கிக்கிட்டு நின்னாவ."

கால் மரத்தால் நரம்பு என்று சொல்லலாம். மூத்திரம் நின்றால் தண்டுவடம்.

"இப்படியிருக்கையிலயா கடலுக்கு விட்ட?"

"அதுக்குத்தான போயிருக்காவ! எறங்கிக் கொஞ்ச நேரம் கெடந்து மெதுவா ஏறுனா சரியாயிரும்லா. போன வருசமும் அப்படித்தான் சரியாச்சு."

அதுதான் இங்கே வழக்கம். ஏறின பிறகு கை கால் வராமல் போனவனை மறுபடி டியூப் கட்டிக் கீழே இறக்குவார்கள். சோடாப் பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குகிற மாதிரி, ஆழத்திலிருந்து சட்டென்று ஏறுகிறவனின் ரத்தத்தில் காற்றுக் குமிழி கிளம்பி நரம்பை அடைக்கிறது. திரும்ப இறக்கினால் குமிழி சுருங்கும், வலி போய்விடும், கால் அசையும். படகில் இருப்பவர்கள் கண்ணால் கண்ட வைத்தியம். சில பேர் அப்படியே பிழைத்து எழுந்து மறுநாளும் சங்கு எடுத்திருக்கிறார்கள். சில பேர் எழுந்திருக்கவில்லை. எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

"அடுப்பை அணைச்சிட்டு வா," என்றாள் ஏஞ்சலின்.

*

பன்னிரண்டு மணிக்கெல்லாம் படகுகள் வரத் தொடங்கியிருந்தன. மணலில் சங்குகளைக் குவித்து, இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்த்து, சிறியதைத் தனியே ஒதுக்கினார்கள். சதை நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்து வந்தன. காலையில் கரையிலிருந்து வீசிய காற்று திரும்பி, இப்போது கடலிலிருந்து அடித்தது. தூரத்தில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் அசையாமல் நின்றன. ஜெஸ்டின் போன படகு இல்லை.

ஏஞ்சலின் பவுலுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பெண் குரல் சொன்னது. ஒவ்வொரு முறையும் அதே பணிவோடு சொன்னது.

சுக்குக்காப்பி விற்கும் வடிவம்மாள் தூக்குவாளியோடு பக்கத்தில் வந்தாள். "என்ன ஏஞ்சலு, பேயறஞ்ச மாதிரி நிக்க? ரிசல்ட்டு வந்திட்டா?"

"இல்லக்கா."

"வரட்டும் வரட்டும். நம்ம பயலுவ எல்லாரும் பாஸாயிருவானுவ. என் மருமவன் தோளு இருக்கு பாரு, ஒலக்கை மாதிரி. அவன் பத்து பேருக்கு எழுதிக் குடுப்பான் பரீட்சை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸ்டெபி தரையைப் பார்த்தாள்.

பத்து பேர் என்றது வேடிக்கைக்கா, கணக்கா என்று ஏஞ்சலின் கேட்கவில்லை. வடிவம்மாளின் மருமகன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

ஒன்றேகாலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பவுல் எடுத்தான். பின்னால் கம்ப்ரசர் சத்தம் தடதடவென்று கேட்டது.

"ஏலே பவுலு, ஜெஸ்டின் எங்கலே?"

"அக்கா... கீழ எறக்கியிருக்கோம்க்கா."

"எப்ப இருந்து?"

"காலைல எறங்கி ஏறும்போது நல்லாத்தான் இருந்தான். கால் லேசா அசையுதுன்னான். ரெண்டாந்தடவை ஏறுனதும் ரெண்டு காலும் வரல. அதான் பதினொன்றரைக்கு மறுபடி எறக்குனோம்."

"ரெண்டாந்தடவை எதுக்குலே எறங்குனான்?"

"அங்கன சங்கு நல்லாக் கெடக்குன்னான்க்கா."

ஏஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். "எத்தன பாகம் ஆழத்துல கெடக்கான்?"

"ஏழு பாகம், நாப்பதடி இருக்கும். இடுப்புல கயிறு கட்டியிருக்கோம். நாம ஒரு இழுப்பு இழுத்தா அவன் திருப்பி இழுப்பான்."

"இப்ப இழு."

கம்ப்ரசர் சத்தம் மட்டும் வந்தது. ஸ்டெபி போனில் காதை ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சில் புளி வாசம் அடித்தது. யாரோ படகில் இருமினார்கள்.

"இழுத்திட்டான்க்கா," என்றான் பவுல்.

"எவ்வளவு நேரம் கழிச்சு இழுத்தான்?"

"கொஞ்ச நேரம்."

"காலைல எப்படி இழுத்தான்?"

"ஒடனே."

"டீசல் எவ்வளவுலே இருக்கு?"

"ரெண்டு மணி நேரம்தான் ஓடும்க்கா. கரைக்கு வரவும் அதுலதான் எடுக்கணும்."

"மேல எடுத்துக் கரைக்குக் கொண்டாலே. நான் ஆம்புலன்சுக்குச் சொல்லுதேன்."

"பாதில எடுத்தா மோசமாயிரும்னு மூத்த ஆளுவ சொல்லுதாவளேக்கா. நீ சொல்லு. நீதான் படிச்சவ. எடுக்கவா, விடவா?"

அந்தக் கேள்விக்கு அவள் படித்த புத்தகங்களில் பதில் இல்லை. கடலுக்குள் திரும்ப இறக்குவதே கூடாது என்று ஒரு வரி இருந்தது. இறக்கிய பிறகு, அழுத்த அறை இல்லாத கரையில், டீசல் தீரப்போகிற படகில் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை. இந்த மாதிரி எத்தனை பேரை இறக்கினார்கள், எத்தனை நேரம், எத்தனை பேர் நடந்தார்கள் என்று இந்தக் கரையில் இருப்பவர்கள்தான் சொல்லியிருக்க முடியும். எக்ஸ்ரேவுக்கு முன்பே வீடு வீடாகக் கேட்டு நிரப்பிய படிவம் அதற்கென்றே அவள் அறையில் இருந்தது. மரப்பு உண்டா, மறுபடி இறக்கியதுண்டா. நூற்றெண்பது பேரில் நூற்று எழுபது பேர் இல்லை, இல்லை என்று சொல்லியிருந்தார்கள். எண்பத்தேழும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தது.

"அக்கா? இருக்கியா?"

"ஒவ்வொரு பாகமா எடு," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒரு பாகம் எடுத்திட்டு அஞ்சு நிமிசம் நிப்பாட்டு. கயித்தை இழுத்துப் பாரு. அவன் திருப்பி இழுத்தா அடுத்த பாகம்."

"இழுக்கலன்னா?"

ஸ்டெபி அவள் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"இழுக்கலன்னா ஒடனே எடுத்திரு."

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு போன் போகவில்லை.

*

படகு மூன்று மணிக்கு வந்தது. முதலில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, பிறகு கொடிக்கம்பு தெரிந்து, பிறகு படகின் முன்பக்கத்து அணியத்தில் எழுந்து நிற்கும் ஆள் பவுல் என்று தெரிகிற வரைக்கும் ஸ்டெபி அலை விளிம்பை விட்டு நகரவில்லை. ஏஞ்சலின் படகில் ஆட்களை எண்ணினாள். நிற்கிறவர்கள் நான்கு பேர். போனவர்கள் ஐந்து.

ஐந்தாவது ஆள் பலகையில் கிடந்தான். கண் திறந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நாலு பேர் பலகையோடு தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்கள். ஜெஸ்டினின் கால்கள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நடைக்கு ஏற்றபடி இரண்டு பக்கமும் ஆடின. தன் கால்கள் ஆடுவதை அவன் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஏளா, அழாத," என்றான் ஸ்டெபியிடம். "செத்தா போனேன்."

"சாளைக் குழம்பு வைக்கப் போனேன்," என்றாள் ஸ்டெபி.

ஆம்புலன்ஸ் மணலுக்கு வர முடியாமல் ரோட்டில் நின்றது. அதில் வந்த மருத்துவ உதவியாளர் செந்தூர்வேல் இளைஞன். நாடி பார்த்து, மூக்கிலும் வாயிலும் மூடியை வைத்து ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, அட்டையில் தாளைச் செருகினான்.

"பேஷன்ட் பேரு?"

"பவுல்," என்றான் பவுல்.

"வயசு?"

"முப்பத்தி நாலு. கம்ப்ரசர் பாக்குத ஆளு. படகுல வழுக்கி விழுந்திட்டான்."

செந்தூர்வேல் எழுதினான். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் மறுக்கவில்லை. இருபது பேராவது இருந்தார்கள். எல்லோருக்கும் பலகையில் கிடப்பது யார் என்று தெரியும். எல்லோரும் ஏஞ்சலினைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை. அவளுக்கு ஒரு உபகாரம் செய்துகொண்டிருக்கிற முகங்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பவுல் அவள் காதருகே குனிந்தான். "ஒன் தம்பிக்கே இப்படின்னு வெளிய போனா ஒனக்குத்தான்க்கா கெட்ட பேரு. வெள்ளிக்கிழமை தாண்டட்டும்."

"ஒன் ரத்தம் என்ன குரூப்புலே?" என்று கேட்டாள் அவள்.

"பி பாசிட்டிவ். ஏன்க்கா?"

"அவனுக்கு ஓ நெகட்டிவ்." அவள் செந்தூர்வேல் பக்கம் திரும்பினாள். ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "எழுதினதை அடிச்சிருங்க தம்பி. பேரு ஜெஸ்டின். முப்பத்தொன்னு. சங்கு குளிக்கிறவன். விழல. குளிச்சு ஏறினதும் ரெண்டு காலும் போச்சு. நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணுக்கு வரல. மறுபடி எறக்கி ரெண்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருந்தாங்க. எல்லாம் எழுதுங்க."

"நீங்க யாரு?"

"அக்கா."

கூட்டத்திலிருந்து யாரோ, "படிச்சதே நம்மளக் காட்டிக் குடுக்கத்தானா," என்றார்கள். ஆண் குரல். யார் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. இவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் நாளைக்கு மறுபடி படிவத்தோடு போக வேண்டும்.

வண்டி நகர்ந்தது. ஸ்டெபி முன்னால், டிரைவர் பக்கத்தில். பவுல் ரோட்டில் நின்று, தன் தோளைத் தடவிக்கொண்டே சிறியவனாகிப் போனான். ஏஞ்சலின் ஒரு கையால் ஜெஸ்டினின் முகமூடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இந்துமதிக்குப் போன் போட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு நாலுன்னு அனுப்பாத இந்து. கணக்கு தப்பு. நூத்தெண்பதையும் மறுபடி எடுக்கணும்னு எழுது. தப்பு யாருதுன்னு கேட்டா எம் பேரை எழுது."

"ஒங்கள மாத்திருவாங்களேக்கா. அதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கவங்க இருக்காங்க."

"தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

போகிற ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் இருக்கும். அழுத்த அறை இருக்காது. அது இருக்கிற இடத்துக்கு இன்று ராத்திரிக்குள் போய்ச் சேர முடியுமா என்று செந்தூர்வேல் போனில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும், சரிங்க சார் என்று சொல்லி அடுத்த எண்ணைத் தேடினான்.

ஜெஸ்டின் வண்டியின் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். முகமூடிக்குள் அவன் மூச்சு பனித்துப் பனித்து மறைந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்லப்போற?"

"பேசாத. மூச்சை நல்லா இழு."

"அந்தப் படிவத்துல நான் எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சொன்னேன். ஒனக்குக் குறை வராம."

"தெரியும்லே." வண்டி ரயில்வே கேட்டில் ஏறி இறங்கியது. முகமூடி நழுவாமல் அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். "இப்ப கேக்குததுக்கு மட்டும் சரியாச் சொல்லு. கால் கட்டை விரலைத் தொடுதேன். தெரியுதா?"

"தெரியுதுக்கா," என்றான் ஜெஸ்டின் உடனே. "நல்லாத் தெரியுது."

அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் அவன் முகத்தின் மேல்தான் இருந்தன.